கல்லுக்கும் நீருக்கும் வயது சொல்லும் ஹீலியம்

ஹீலியம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பிறந்தநாள் பலூன்தான். மாலையில் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த ரப்பர் பலூன் மறுநாளே தரையில் கிடக்கும். ஹீலியம் அணு அவ்வளவு சிறியது. ரப்பரின் ஊடாகவே கசிந்துவிடும். சென்ற பருவத்தின் வாய்மொழித் தேர்வில் என்னைத் திணறடித்ததும் இந்தக் கசிவுதான்.

பாறைகளில் யுரேனியமும் தோரியமும் சிறிதளவு கலந்திருக்கின்றன. எங்கள் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்த பிறகு எஞ்சும் 'அமாங்' மணலிலும் இவை உண்டு. யுரேனியம்-238 படிப்படியாகச் சிதைந்து காரீயம்-206 ஆவதற்குள் எட்டு ஆல்பா துகள்களை வெளியிடுகிறது. ஆல்பா துகள் வேறொன்றுமில்லை, ஹீலியத்தின் அணுக்கருவேதான். யுரேனியம் பாதியாகக் குறைய 4.47 பில்லியன் ஆண்டுகள் ஆகும். (இந்த அரை ஆயுட்காலத்தை இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில்தான் படித்தேன். தமிழ்ச் சொல்லை இக்கட்டுரைக்காகவே தேடிப் பிடித்தேன்!) கல்லில் யுரேனியம், தோரியம் எவ்வளவு, சேர்ந்த ஹீலியம் எவ்வளவு என்று அளந்தால் வயது கிடைத்துவிடும்.

இக்கணக்கை முதலில் போட்டவர் ரூதர்ஃபோர்டு. பூமிக்கே 20 முதல் 40 மில்லியன் ஆண்டுகள்தான் வயது என்று 1897-இல் கெல்வின் பிரபு கூறியிருந்தார். 1906-இல் வெளிவந்த நூலில் ரூதர்ஃபோர்டு ஒரு கனிமத்துக்கு மட்டுமே சுமார் 500 மில்லியன் ஆண்டுகள் என்றார். கொஞ்சம் ஹீலியம் தப்பியிருக்கும் என்பதால் அதுவும் குறைந்தபட்சக் கணக்குதான்.

தேர்வில் நானும் அதையே சொன்னேன்: "ஹீலியம் கசியும் சார், அதனால் இம்முறையை நம்ப முடியாது."

"சரி, கசிந்தது எங்கே போனது?" என்றார் விரிவுரையாளர். நான் விழித்தேன்.

பிறகு நூலகத்தில் தேடியபோதுதான் விளங்கியது. கசிவு வெப்பத்தைப் பொறுத்தது. அபடைட் என்னும் கனிமத்தில் சுமார் 70 பாகை செல்சியசுக்கு மேல் ஹீலியம் தங்குவதில்லை. ஆகவே அது காட்டுவது கல் பிறந்த நாளையன்று. மேலுள்ள நிலம் அரிக்கப்பட்டு, கல் மேலே வந்து குளிர்ந்த காலத்தை. மலைகள் தேய்ந்த வரலாற்றை இப்படித்தான் கணிக்கிறார்கள். குறை என்று நான் சொன்னதே அங்கே பயனாகிவிட்டது!

கல்லைவிட்டு வெளியேறிய ஹீலியமோ நிலத்தடி நீரில் சேர்கிறது. மழைநீரில் காற்றிலிருந்து கரைந்த ஹீலியம் மிகச் சொற்பம். மண்ணுக்கடியில் நீர் எவ்வளவு காலம் கிடக்கிறதோ, அவ்வளவுக்கு அது கூடும். கார்பன்-14 ஏறக்குறைய 50,000 ஆண்டுகளோடு நின்றுவிடும். ஹீலியம் அதையும் தாண்டும். கனடாவின் கிட் கிரீக் சுரங்கத்தில் 2.4 கிலோமீட்டர் ஆழத்தில் ஊறிய நீரில் ஹீலியத்தோடு நியான், ஆர்கான், செனான் வாயுக்களையும் அளந்து, அதற்குக் குறைந்தது 1.5 பில்லியன் ஆண்டு வயது என்று 2013-இல் அறிவித்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் பேராழ்கிணற்றுப் படுகையிலோ இது விவசாயிகளின் பிழைப்பைத் தொடும் கணக்கு. அங்கே 1878 முதல் துளையிட்டு நீர் எடுத்ததில் அழுத்தம் குறைந்து பல கிணறுகள் பொங்குவதை நிறுத்திவிட்டன. எடுக்கும் நீர் பல்லாயிரம் ஆண்டுப் பழையது என்றால், அந்த இடத்துக்குப் புதுநீர் சீக்கிரம் வந்து சேராது என்றுதானே பொருள்?

இதையெல்லாம் குறித்துக்கொண்டு விரிவுரையாளரைத் தேடிப்போய் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். "படுகைக்கு அடியிலுள்ள ஆழப் பாறையிலிருந்தும் ஹீலியம் மேலே ஏறி வருமே, அதைக் கழித்தீர்களா? கழிக்காவிட்டால் நேற்றைய நீரும் கிழடாகத் தெரியும்" என்றார்.

மறுபடியும் நூலகத்துக்குப் போனேன்.