பெரம்பூரில் உயிர் பெற்ற பழைய எஞ்சின்

திருவள்ளூரிலிருந்து சென்ட்ரலுக்கு லோக்கலில் போகும்போது 'பெரம்பூர் லோகோ வொர்க்ஸ்' என்று ஒரு ஸ்டேஷன் வருமே, அந்த ஒர்க்ஷாப்பில் சரியான ஒரு பாட்டி எஞ்சினைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அதன் பெயர் ஃபேரி குயின். 1855-ல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்ப்சன், ஹெவிட்சன் கம்பெனியார் செய்தது. ராயபுரத்திலிருந்து நம்ம திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடுக்கு ரயில் ஓட ஆரம்பித்ததே 1856 ஜூலை 1-ல்தான். நம்ம தண்டவாளத்துக்கே அக்கா!

வங்காளத்தில் கிழக்கிந்திய ரயில்வேயில் ஓடியது. 1857 கிளர்ச்சியின்போது சிப்பாய்களை ஏற்றிச் சென்றது. பிறகு பீகாரில் பாதை போடும் வேலை. 1909-ல் ஓய்வு. ஹவுரா ஸ்டேஷன் வெளியே மேடையில் பல வருஷம் வெயிலில் நின்றது. 1997-ல் மறுபடி டெல்லி–ஆல்வார் பாதையில் ஓட வைத்தார்கள். மறு வருஷமே கின்னஸில் இடம்.

எப்படி ஓடுகிறது? எங்க அப்பா நெல் அவிக்கும் மில்லில் இருபது வருஷமாக பாய்லர் பார்க்கிறார். அவரிடம் கற்றதை வைத்தே சொல்கிறேன். நெருப்பின் சூடு குழாய்கள் வழியாகப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். நீராவி சிலிண்டரில் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் ராடு வழியாகச் சக்கரத்தைச் சுற்றும். மில்லில் அதே ஆவி நெல்லை அவிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த எஞ்சினில் தண்ணீர்த் தொட்டி பாய்லருக்கு அடியிலேயே இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம், தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய். மட்டம் இறங்கினால் நெருப்புப் பெட்டியின் மேல்தகடு காய்ந்து, பாய்லரே வெடித்துவிடும். ஒரு ராத்திரி அப்பாவின் பாய்லரில் கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை. அந்த நேரத்தில் பச்சைத் தண்ணீர் விடக்கூடாது என்று அவருக்குத் தெரியும். நெருப்பை வெளியே வாரிக் கொட்டினார், கை வெந்துவிட்டது. ஆனால் அன்று வீணான நெல்லுக்கு அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். பாய்லர் அட்டெண்டன்ட் பரிட்சை எழுத அவருக்குப் படிப்பு இல்லை. நாலாவதோடு சரி.

2011-ல் ஃபேரி குயினின் பாகங்களைத் திருடர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நூற்றைம்பது வருஷத்து எஞ்சினுக்கு எந்தக் கடையில் ஸ்பேர் கிடைக்கும்? பெரம்பூருக்குத்தான் அனுப்பினார்கள். அதன் ஜோடியான 'எக்ஸ்பிரஸ்' எஞ்சினை 2010-ல் இங்கேதான் ஓட வைத்திருந்தார்கள். இல்லாத பாகத்துக்கு அளவு கண்டுபிடித்து, டிராயிங் போட்டு, கடைந்து, பொருத்திப் பார்க்க வேண்டும். ஒரு நூல் தப்பினால் ஆவி கசியும். ஒர்க்ஷாப் பிராக்டிஸில் ஒரு ஸ்கொயர் ஃபைலிங்குக்கே நாம் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள்! 2012 டிசம்பரில் மறுபடி மெயின் லைனில் ஓடியது.

மியூசியத்தில் நிறுத்தினால் போதாதா, இவ்வளவு செலவு எதற்கு என்று நம்ம வகுப்பிலேயே கேட்டார்கள். நிற்கிற எஞ்சினுக்கு பெயிண்டர் போதும். ஓடுகிற எஞ்சினுக்கு வேலை தெரிந்த கை வேண்டும், அந்தக் கை அடுத்த ஆளுக்கும் சொல்லிக் கொடுக்கும். எனக்கு இதுதான் பெரிசாகத் தெரிகிறது.

இந்தக் கட்டுரையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "கண்ணாடி புதுசா போட்டாங்களாடா?"