பேரப்பிள்ளைகளை வளர்க்கும் முதியோருக்கு என்ன உதவி?

பெற்றோர் இறந்தோ பிரிந்தோ, நோயாலும் குடியாலும் முடங்கியோ பிள்ளைகளை வளர்க்க இயலாமல் போகும்போது, தமிழ்நாட்டில் அப்பிள்ளைகள் பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் அம்மாச்சி வீடாகவோ அப்பாயி வீடாகவோ இருக்கிறது. அவர்களும் இல்லாதபோது சித்தியோ மாமாவோ அத்தையோ பொறுப்பேற்கிறார்கள். இவ்வாறு இரத்த உறவினரோ குடும்பத்துக்கு நெருங்கியவரோ ஒரு குழந்தையைத் தம் வீட்டில் வைத்து வளர்ப்பதைக் குழந்தை நலத் துறையினர் 'உறவினர் பராமரிப்பு' என்று அழைக்கின்றனர். பெற்றோரிடம் வாழ முடியாத குழந்தைக்கு முதலில் உறவினர் வீட்டைத்தான் தேட வேண்டும் என்பதையும், இல்லங்களில் சேர்ப்பது வேறு வழியில்லாதபோது மட்டுமே பொருத்தம் என்பதையும் ஐக்கிய நாடுகள் அவை 2009ஆம் ஆண்டு ஏற்ற மாற்றுப் பராமரிப்பு நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன. பள்ளி மாறாமலும், பழகிய தெருவையும் உடன்பிறந்தாரையும் இழக்காமலும் குழந்தை வளர அதுவே வழி. எனினும், ஓர் இல்லத்தில் வளரும் குழந்தைக்கு உணவு, உடை, மருத்துவம் அனைத்துக்கும் பொறுப்பேற்கும் அரசு, அதே குழந்தை பாட்டியிடம் வளரும்போது அதனைக் குடும்பத்தின் சொந்த விவகாரமாகவே நெடுங்காலம் கருதி வந்தது.

இந்நிலையை ஓரளவு மாற்றியது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அச்சட்டத்தில் 'வளர்ப்புப் பராமரிப்பு' என்பது குழந்தையின் பிறப்புக் குடும்பம் அல்லாத வேறொரு குடும்பத்தில் குழந்தையை ஒப்படைப்பதைக் குறிக்கும். தாத்தா பாட்டிக்கு உரிய வழியோ 45ஆவது பிரிவு கூறும் நிதி ஆதரவு ஆகும். விதவைத் தாயின் பிள்ளைகள், பெற்றோர் உயிர்கொல்லி நோயாலோ விபத்தாலோ செயலிழந்த பிள்ளைகள் ஆகியோரோடு, பெற்றோரை இழந்து உறவினர் குடும்பத்தில் வாழும் பிள்ளைகளும் இதற்குத் தகுதியுடையோர் என்று அப்பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. குழந்தைகள் நலனுக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின்படி ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாயையும் நகர்ப்புறத்தில் 96,000 ரூபாயையும் தாண்டக் கூடாது. மாதக் கணக்கில் இது முறையே 6,000 ரூபாயும் 8,000 ரூபாயும்தான் என்பதால், வீட்டில் ஒருவர் ஒழுங்காக வேலைக்குச் சென்றாலே தகுதி பறிபோய்விடக் கூடும். இந்த வரம்பு நடைமுறை வாழ்க்கைக்கு ஒவ்வாதது. அது உயர்த்தப்பட வேண்டும்.

கொரோனா பெருந்தொற்றின்போது தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டு மே மாதம் அறிவித்த உதவி இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை இடப்பட்டு, 18 வயதில் வட்டியோடு வழங்கப்படும் என்பதுடன், உறவினரின் பொறுப்பில் வளரும் குழந்தைக்கு 18 வயது வரை மாதம் 3,000 ரூபாய் தரப்படும் என்றும் அந்த அறிவிப்பு கூறியது. ஆயினும் பெருந்தொற்றில் தாய் தந்தையை இழந்த பிள்ளைக்கும், சாலை விபத்தில் இழந்த பிள்ளைக்கும் தேவையில் என்ன வேறுபாடு இருக்க முடியும்? 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட 'அன்புக் கரங்கள்' திட்டம் இக்குறையைப் பெருமளவு போக்குகிறது. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து, எஞ்சியவர் கைவிட்டுச் சென்றதாலோ சிறையிலோ கடும் நோயிலோ இருப்பதாலோ ஆதரவற்றுப் போனவர்களுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் அதன்வழி கிடைக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் விடுபட்டு நிற்போர் உள்ளனர். தாய் தந்தை இருவரும் உயிரோடிருந்து, இருவருமே வேறு மணம் செய்துகொண்டு பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்ட குடும்பங்கள் ஊர்தோறும் உண்டு. இறப்புக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. கைவிடப்பட்டதற்கு எளிதில் கிடைப்பதில்லை. எந்தக் காரணத்தால் குழந்தை வந்து சேர்ந்தது என்பதைக் காட்டிலும், இப்போது யார் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்புகிறார் என்பதே உதவிக்கு அடிப்படையாக அமைய வேண்டும்.

பணத்துக்கு இணையாக வதைப்பது சட்ட நிலை. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் (1956) தந்தையையும் அவருக்குப் பின் தாயையுமே இயற்கைக் காப்பாளர்களாக ஏற்கிறது. பத்தாண்டுகள் பேரனை வளர்த்தாலும் பாட்டிக்கு அந்த நிலை தானாக வருவதில்லை. இஸ்லாமியத் தனிச்சட்டத்தில் தந்தையின் தந்தைக்கு இளவரின் சொத்துக்குக் காப்பாளராகும் உரிமை உண்டு என்றாலும், தாய்வழிப் பாட்டிக்கு அதுவும் இல்லை. ஆகவே பிள்ளையின் பெயரில் உள்ள நிலத்தைக் கையாளவோ பாஸ்போர்ட் பெறவோ நேரும்போது, 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்தை நாட வேண்டியதாகிறது. முதியோர் உதவித்தொகையாக மாதம் 1,200 ரூபாய் பெறும் ஒருவர் இதற்கான செலவையும் அலைச்சலையும் எவ்வாறு தாங்குவார்? தமக்குப் பின் பிள்ளையை யார் பார்ப்பார் என்ற கவலை முதியோரை வாட்டும்போது, அடுத்த காப்பாளரை முன்கூட்டியே குறித்து வைக்க எளிய வழி ஏதும் அவர்களுக்கு இல்லை என்பது பெருங்குறை.

அமெரிக்காவிலும் உறவினர் பராமரிப்புக்கான உதவி குறித்த இழுபறி நீண்டது. உறவினர் என்ற ஒரே காரணத்தால் வளர்ப்புப் பராமரிப்புத் தொகையை மறுக்கக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1979இல் தீர்ப்பளித்தது. உறவினர் வீடுகளுக்குத் தனியான, எளிய உரிம விதிகளை வகுத்துக்கொள்ள மாநிலங்களுக்கு 2023இல்தான் அனுமதி கிடைத்தது.

தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் இயங்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நிதி ஆதரவுக்கு விண்ணப்பிக்கலாம். காப்பாளர் வழக்குக்குப் பொருள் வசதி இல்லாதோருக்கும், வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும். உதவி கோர 1098 என்ற இலவச எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். அருகிலுள்ள வீட்டில் ஒரு பாட்டி பேரப்பிள்ளையைத் தனியே வளர்ப்பதை அறிந்தோர், இச்செய்தியை அவருக்குச் சொல்லி, விண்ணப்பத்தை நிரப்பவும் உடனிருந்து உதவ வேண்டும்.