கயிறு பிடிக்கும் மைத்துனன்

மன்னார்க் கடலில் முத்துக் குளித்த காலத்தைப் பற்றி நம்மவர் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. கல்லின்மேற் காலூன்றி, மூச்சையடக்கி, நீருள் இறங்கும் சுழியோடியின் கயிற்றைப் படகிலிருந்து பிடிப்பவன் அவனுடைய மைத்துனனாக இருத்தல் வேண்டும் என்பதே அது. உடன்பிறந்தாளின் தாலி தன் கைக்குள் இருக்கின்றது என்பதை அறிந்தவன் கயிற்றைத் தளரவிடான்; கீழிருந்து வரும் சிற்றசைவையும் தவறவிடான். இதனை வெறுங் கதையாகவே கொண்டாலும் அதனுள்ளே ஓர் உண்மை இருக்கின்றது. நீருக்குள் இறங்குபவன் தன் உயிரை இன்னொருவன் கையிற் கொடுத்துவிட்டே இறங்குகின்றான். யாரிடம் கொடுக்கின்றோம் என்பதை அறிந்து கொடுத்தல் வேண்டும்.

இன்று காற்றுச் சிலிண்டரை முதுகிற் சுமந்து, நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவின் பவளப் பாறைகளைக் காண இறங்கும் இளைஞருக்குக் கயிறும் இல்லை. கயிறு பிடிக்கும் மைத்துனனும் இல்லை. அவனுடைய இடத்தில், மணிக்கட்டிலே கைக்கடிகாரம் போன்ற சிறு கருவி ஒன்று அமர்ந்திருக்கின்றது. கடைக்காரர் அதனை 'டைவ் கொம்பியூட்டர்' என்பர். சுழியோட்டக் கணினி என நாம் கூறலாம்.

சென்ற விடுமுறையில் என்னிடம் முன்னர் பௌதிகம் பயின்ற மாணவர் ஒருவர் வந்திருந்தார். இப்பொழுது அவரும் ஓர் ஆசிரியர். சுழியோட்டத்தில் முதற் சான்றிதழ் பெற்ற மகிழ்ச்சி முகத்தில் இருந்தது. மூன்று விளம்பரத் தாள்களை மேசைமேல் விரித்து, "சேர், இவற்றுள் எதை வாங்கலாம்? ஒன்று மலிவு, ஒன்று நடுத்தரம், மற்றதற்கு என்னுடைய மூன்று மாதச் சம்பளம் வேண்டும்" என்றார்.

"வாங்குவது இருக்கட்டும். அது என்ன செய்கின்றது என்று முதலிற் சொல்லும்" என்றேன்.

"நம்முடைய உடம்பில் எவ்வளவு நைதரசன் சேர்ந்திருக்கின்றது என்பதை அளந்து காட்டுகின்றது, சேர்."

அங்கேதான் பிழை இருக்கின்றது. இப்பிழை அவருக்கு மாத்திரம் உரியதன்று. இக்கருவியை முதன்முதலாக வாங்குவோர் பலருக்கும் பொதுவானது. கணினி நம்முடைய உடம்பை அளப்பதே இல்லை.

கருவி அறிவது இரண்டே

மூச்சையடக்கிக் குளித்த முத்துக் குளிப்பவன் மேலிருந்து கொண்டுசென்ற ஒரே மூச்சுடன் மேலே வந்தான். சிலிண்டருடன் இறங்குபவரின் நிலை வேறு. ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. 30 மீற்றரில் அவர் சுவாசிக்கும் காற்று, கரையிற் சுவாசிக்கும் காற்றினும் நான்கு மடங்கு செறிவுடையது. அக்காற்றில் நூற்றுக்கு 79 பங்கு நைதரசன். உடலுக்கு வேண்டாத அவ்வாயு, அமுக்கத்தின் காரணமாக இரத்தத்திலும் இழையங்களிலும் கரைந்து சேர்கின்றது. மெல்ல ஏறினால் வந்த வழியே சுவாசப்பை மூலம் வெளியேறிவிடும். விரைந்து ஏறினாலோ, மூடி திறந்த சோடாப் போத்தலில் நிகழ்வதே உடலினுள்ளும் நிகழும். குமிழிகள் மூட்டிலே தங்கினால் வலி. முள்ளந்தண்டின் நரம்பிலே தங்கினால் கால் வழங்காமற் போதல்.

இந்நோயைத் தடுக்கும் வழியை முதன்முதல் முறையாக வகுத்தவர் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் என்னும் விஞ்ஞானி. பிரித்தானியக் கடற்படையின் பொருட்டு, லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஆடுகளை அமுக்க அறையில் வைத்து அவர் ஆராய்ந்தார். அறையை விட்டு வந்த ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றால், அதன் மூட்டில் வலி கண்டிருக்கின்றது என்பது பொருள். அவ்வாராய்ச்சியின் முடிவுகள் 1908 இல் வெளிவந்தன. இடையிடையே தங்கித் தங்கி ஏறும் முறையும், அதற்குரிய அட்டவணைகளும் அப்போது பிறந்தவை.

உடம்பின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் வாயுவை ஏற்பதில்லை என்பது ஹோல்டேன் கண்ட நுட்பம். வாய் அகன்ற குடமும் வாய் குறுகிய குடமும் ஒரே குளத்தில் அமிழ்த்தப்பட்டால் ஒன்று விரைவிலும் மற்றது தாமதித்தும் நிரம்புவது போல, ஐந்து கற்பனைக் குடங்களை அவர் கணக்கில் வைத்தார். பின்னர் சூரிச் நகரில் ஆல்பேட் பியூல்மான் என்னும் மருத்துவர் அவற்றைப் பதினாறாக்கினார். இன்றைய கணினிகள் பலவற்றினுள் இயங்குவது பியூல்மானின் கணக்கே. முதற் குடம் பாதி நிரம்ப 4 நிமிடம் போதும். கடைசிக் குடம் பாதி நிரம்ப 635 நிமிடம் வேண்டும். பத்து மணி நேரத்துக்கும் மேல்! பாதி வெறுமையாவதற்கும் அதே நேரந்தான்.

1983 இல் 'ஓர்கா எட்ஜ்' என்னும் கருவி சந்தைக்கு வந்தபின், இக்கணக்குச் சுழியோடியின் கைக்கு வந்தது. அதற்கு முன்னர் அட்டவணைதான் துணை. அமெரிக்கச் சுழியோட்டப் பள்ளிகளிற் பெருவழக்காயிருந்த அட்டவணை ஒன்று 18 மீற்றருக்கு 56 நிமிடமும், 30 மீற்றருக்கு 20 நிமிடமும் அளிக்கும். நேரம் முழுவதையும் மிக ஆழ்ந்த இடத்திலேயே கழித்ததாக அது கொள்ளும். கணினியோ ஆழம் மாறுந்தோறும் புதிதாகக் கணக்கிடுவதால், படிப்படியாக மேலேறி வருபவருக்குக் கூடுதலான நேரம் கொடுக்கின்றது. இலாபம் அதுவே. அட்டவணை அறியாமலே தந்த காவலை நாம் இழப்பதும் அங்கேதான்.

இவ்வளவையும் கூறிவிட்டு, "கருவி உண்மையில் அளப்பது நீரின் அமுக்கத்தையும் காலத்தையும் மாத்திரமே. குடங்கள் பதினாறும் கற்பனை. நீர் முதல் நாள் உறங்காததையோ, தண்ணீர் அருந்தாததையோ, உம்முடைய வயதையோ அது அறியாது. யாரோ ஒரு கற்பனை மனிதனுக்குக் கணக்குப் பார்த்து, உம்மிடம் சொல்கின்றது" என்றேன்.

ஒரு மாலைப் பயணம்

இதனை நான் நூலிலிருந்து மாத்திரம் கற்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், இரண்டு நாட்கள் நிலாவெளியிற் சுழியோடினேன். வாடகைக்கு எடுத்த கணினி ஒன்று என் கையில் இருந்தது. இரண்டாம் நாள் முற்பகல் கரையேறியதும் அதனைத் திருப்பிக் கொடுத்தேன். அதன் திரையின் ஓரத்தில் ஒரு சிறு விமானப் படமும், பக்கத்திலே ஓர் எண்ணும் தெரிந்தன. நான் விமானத்திற் செல்லவில்லை. ஆகவே அது எனக்குரியதன்று என எண்ணினேன். நண்பர் வீட்டுத் திருமணத்துக்காக அன்று பிற்பகலே நுவரெலியாவுக்குப் புறப்பட்டேன்.

இறம்பொடை வளைவுகளை வாகனம் கடக்கும்போது இடத்தோளில் வலி தொடங்கியது. சிலிண்டர் தூக்கியதனால் வந்த பிடிப்பு என்று தைலம் பூசினேன். நள்ளிரவில் கையை உயர்த்த இயலவில்லை. மருத்துவரிடம் போனபோது, சுழியோடியதை நான் சொன்ன பின்னரே அவர் முகம் மாறியது. ஒட்சிசன் கொடுத்தனர், நல்வினைப் பயனால் வலி நீங்கிற்று.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. பயணிகள் விமானத்தின் அறையில் உள்ள அமுக்கம் ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரத்துக்கு ஒப்பான அளவு வரை குறையலாம். உடம்புக்கு மலையும் ஒன்றே, விமானமும் ஒன்றே. ஒரு முறை சுழியோடினால் 12 மணி நேரமும், பல முறை அல்லது பல நாள் சுழியோடினால் 18 மணி நேரமும் பொறுத்தே பறத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. சிறிய தீவாகிய நம் நாட்டில், காலையிற் கடலுக்குள் இருந்தவர் இரவில் மலையுச்சியில் இருக்கக்கூடும் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். அந்த எளிய கருவி தன் கடமையைச் செய்தது. கயிற்றைச் சுண்டியது. அதன் மொழியை நான் கற்றிருக்கவில்லை.

எதை வாங்குவது?

ஆகவே முதற் கணினியைத் தேர்பவருக்கு நான் கூறும் முதல் விதி இது: அதிகம் செய்யும் கருவியை நாடாதீர், உமக்கு விளங்கும் கருவியை நாடும். தற்போதைய ஆழம், கழிந்த நேரம், இடைத்தங்கலின்றி மேலேறுவதற்கு இன்னும் எஞ்சிய நேரம் ஆகிய மூன்றும் ஒரே பார்வையில், பெரிய எழுத்தில் தெரிதல் வேண்டும். கடையின் வெளிச்சத்தில் எல்லாத் திரைகளும் அழகியவையே. 20 மீற்றரிற் செந்நிறம் மங்கி எல்லாம் நீலமாகிவிடும். மூக்குக்கண்ணாடி அணிபவர் அதனைக் கழற்றிவிட்டுத் திரையைப் படித்துப் பார்த்தல் நன்று.

இரண்டாவது, ஏறும் வேகத்தை அது எவ்வாறு எச்சரிக்கின்றது என்பதைப் பார்க்கவேண்டும். நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீற்றருக்கு மேல் ஏறலாகாது என்பது இன்றைய வழக்கு. 5 மீற்றரில் 3 நிமிடம் தங்குவதற்கும் அது வழிகாட்டுதல் வேண்டும்.

மூன்றாவது, கணக்கை இறுக்கிக்கொள்ளும் வசதி. பியூல்மான் முறையில் இயங்கும் கருவிகள் பலவற்றில், எல்லையின் நூற்றுக்கு எத்தனை பங்கு வரை செல்லலாம் என்பதை நாமே இடலாம். 100 என்பது கிணற்றின் விளிம்பு. 85 அதற்கு இப்பால். 70 இன்னும் இப்பால். வயது சென்றவரும், உடல் பருத்தவரும், களைத்தவரும் விளிம்பை விட்டு விலகி நிற்றல் அறிவு.

நான்காவது, ஒட்சிசன் மிகுந்த கலவைக் காற்றுக்கு ஏற்பக் கருவியை மாற்றும் வசதி. இன்று மலிவான கருவிகளிலும் இது உண்டு. இன்று வேண்டாவிடினும் நாளை வேண்டிவரும். ஆயின் 32 வீத ஒட்சிசன் கலந்த காற்றுடன் 33 மீற்றருக்குக் கீழ் இறங்கலாகாது என்பது போன்ற விதிகளைக் கற்காமல் அதனைத் தொடவும் கூடாது.

ஐந்தாவது பற்றரி. நாமே மாற்றக்கூடிய பற்றரியும் நன்று; மின்னேற்றும் பற்றரியும் நன்று. கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பித்தான் மாற்றலாம் என்னும் கருவி நமக்கு உகந்ததன்று. சிலிண்டரின் காற்றளவை வானொலி அலைமூலம் காட்டும் இணைப்பும், நிறத்திரையும், திசைகாட்டியும் பின்னர் வரட்டும். அவற்றுக்குச் செலவிடும் பணத்தை மேலும் சில பயிற்சிகளுக்குச் செலவிடுதல் மேல்.

ஒருவரின் கணினியை இருவர் நம்பி இறங்குதல் பெரும் பிழை. இருவர் ஒரே ஆழத்தில் ஒரே நேரம் இருப்பதில்லை. நேற்றைய கருவியை விட்டு இன்று வேறொன்றை அணிதலும் பிழை. நேற்றைய நைதரசனைப் புதியது அறியாது. கட்டளையை மீறி மேலெழுந்தால், பல கருவிகள் 24 அல்லது 48 மணி நேரம் கணிக்க மறுத்துவிடும். அது பழுதன்று, அது கோபமுமன்று, 'உன்னைப் பற்றிய கணக்கு எனக்கு இனித் தெரியாது' என்னும் நேர்மை.

மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 இல் மூழ்கிய 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கின்றது. பொழுதுபோக்காகச் சுழியோடுபவர்க்கு வகுத்த எல்லை 40 மீற்றர். மணிக்கட்டில் விலையுயர்ந்த கருவி இருக்கும் துணிவில் அங்கு இறங்க ஆசைப்படுவோர் உண்டு. கருவி ஆழத்தைக் காட்டும். போகாதே என்று கையைப் பிடித்து இழுக்காது.

இவ்விடத்தில் இன்னொரு சாராரையும் நினையாதிருத்தல் முறையன்று. நம் வடகடலிலும் கீழ்கடலிலும் சங்கும் கடலட்டையும் எடுக்கச் சிலிண்டருடன் இறங்கும் தொழிலாளர் இருக்கின்றனர். ஒரே நாளிற் பலமுறை இறங்கி, அதனாற் கால் வழங்காமற் போனவர்களும் அவர்களுள் உளர். இன்பத்துக்காக இறங்குபவன் கையில் கணினி இருக்கின்றது. வயிற்றுக்காக இறங்குபவன் கையில் பெரும்பாலும் இல்லை. பவளப் பாறையைக் காணப் போகும் படித்த இளைஞர், தாம் கற்ற கணக்கைத் தம் ஊர்ச் சுழியோடிக்கும் சொல்லிக் கொடுத்தால், அவர் வாங்கிய கருவியின் பயன் இரட்டிப்பாகும்.

இரண்டு கிழமைகள் கழித்து மாணவர் மீண்டும் வந்தார். நடுத்தர விலையிலுள்ள கருவியை வாங்கியிருந்தார். அதனை எனக்குக் காட்டுமுன், அதனுடன் வந்த கையேட்டை எடுத்து வைத்தார். பக்கந்தோறும் பென்சிற் கோடுகள். விமானப் படம் இருந்த பக்கத்தில், 'மலைக்கும் இதுவே' என்று எழுதியிருந்தார்.

"இனி மைத்துனன் கயிற்றைப் பிடித்துக்கொள்வான், சேர்" என்று சிரித்தார்.

"பிடித்துக்கொள்வான். ஆனால் அவன் சுண்டும்போது உணர வேண்டியவர் கீழே இருக்கும் நீர்தான்" என்றேன்.