நம் ஆறு தொகுதிகளும் வாக்காளர் பட்டியலும்

தேர்தல் என்றாலே நம் டீக்கடைகளில் கூட்டணிப் பேச்சுதான். நாம் கொஞ்சம் வேறு பக்கம் பார்ப்போம்.

தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 இடங்கள். ஆட்சி அமைக்க 118 பேர் வேண்டும். மேலவை 1986-ல் ஒழிக்கப்பட்டதால் இருப்பது ஒரே அவை. நம் மாவட்டத்துக்கு ஆறு தொகுதிகள்: கந்தர்வகோட்டை (தனி), விராலிமலை, புதுக்கோட்டை, திருமயம், ஆலங்குடி, அறந்தாங்கி. புதுக்கோட்டை பெயரில் எம்.பி. தொகுதி 2009 தேர்தலிலிருந்து இல்லை. இந்த ஆறும் திருச்சி, கரூர், சிவகங்கை, இராமநாதபுரம் என்று நான்காகப் பிரிந்து கிடக்கின்றன. அதனால் எம்.எல்.ஏ.தான் நமக்குக் கைக்கெட்டும் ஆள்.

ஜெயிக்க பாதி வாக்குகள் தேவையில்லை. அடுத்தவரைவிட ஒன்று கூடினால் போதும். பட்டியலில் விடுபடும் ஒவ்வொரு பெயரும் கணக்கில் வருவது இங்கேதான். வாக்காளர் அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் வாக்களிக்க முடியாது.

கல்யாணமாகி வந்த மருமகள்களின் பெயர் பெரும்பாலும் தாய்வீட்டு ஊரிலேயே நிற்கிறது. இடம் மாற்றவும், பெயரில் எழுத்துப்பிழை திருத்தவும் படிவம் 8. பதினெட்டு நிறைந்த பிள்ளைகளுக்குப் படிவம் 6. இந்தியக் குடியுரிமையோடு சவுதியிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்களுக்கு 6ஏ; ஆனால் அவர்கள் பாஸ்போர்ட்டுடன் நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும்.

வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் பெயர் சேர்க்க மாட்டார்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் அஸர் தொழுகைக்குப் பின் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள்.