காருக்குள் இசை: தரத்தை மதிப்பிடுவது எப்படி?

புதிய கார் வாங்க வருபவருக்கு, அதில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட ஒலிக்கருவியை விற்பனையாளர் உரக்க வைத்துக் காட்டுவார். “என்ன தெளிவு!” என்று வந்தவர் வியப்பார். அவர் வியந்தது உண்மையில் தெளிவையா, உரப்பையா?

நமது செவி எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் உணர்வதில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் இதை அளந்து, 1933-இல் வரைபடங்களாக வெளியிட்டனர். ஒலி மெலிந்திருக்கும்போது 50 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த சுருதிகள் செவிக்குச் சரியாக எட்டுவதில்லை. உரப்பைக் கூட்டினால் அவை விரைவாக வலுப்பெறுகின்றன. எனவே அதே கருவியில் அதே பாட்டை உரக்க வைத்தாலே, மிருதங்கத்தின் தொப்பி நிறைவாகக் கேட்கும். கருவியின் தரம் மாறிவிடவில்லை!

அடுத்து, காரின் உட்புறத்தைக் கவனிப்போம். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர். ஆகவே 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். காரின் உட்புற நீளமோ அதில் பாதிகூட இராது. இத்தகைய சிறிய அறையில் தாழ்ந்த ஒலிகள் இயல்பாகவே வலுப்பெறும். கண்ணாடிகள் உயர்ந்த சுருதிகளைத் திருப்பி அனுப்பும். இருக்கைத் துணி அவற்றை உட்கவரும். ஒவ்வொரு காரின் அமைப்பும் வெவ்வேறு. அதை நன்கறிந்தவர் அதைத் தயாரிப்பவரே. அதனால்தான் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், போஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, காரின் உட்புறத்துக்கேற்ப வடிவமைத்த ஒலிக்கருவிகளைத் தனது 1983 மாடல் கார்கள் சிலவற்றில் அளித்தது.

ஓட்டுநர் நடுவில் அமர்வதில்லை என்பது இன்னொரு சிக்கல். ஒரு ஒலிபெருக்கி மற்றதைவிட 50 செ.மீ. அருகில் இருந்தால், அதன் ஒலி சுமார் 1.5 மில்லிவினாடி முந்தி வந்து சேரும். பாடகர் அந்தப் பக்கமே நிற்பதுபோல் தோன்றும். இன்றைய கருவிகள் பலவற்றில், அருகிலுள்ள ஒலிபெருக்கியின் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தி இதைச் சரிசெய்கிறார்கள்.

இரு கார்களின் ஒலிக்கருவிகளை ஒப்பிட நேர்ந்தால் இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. நன்கு பழகிய ஒரே பாட்டை இரண்டிலும் கேளுங்கள்.

2. இரண்டிலும் உரப்பைச் சமமாக வையுங்கள். கைபேசியின் ஒலி அளவுமானி இதற்குப் போதும்.

3. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, கண்ணை மூடிக் கேளுங்கள்.

4. கார் ஓடும்போதும் கேளுங்கள். சாலை இரைச்சல் தாழ்ந்த சுருதிகளை மறைத்துவிடும்.

ஒப்பிடும்போது ஒன்றை மட்டும் மாற்றி, ஏனையவற்றை மாறாமல் வைக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்ற இவ்விதி, கடையிலும் உங்களை ஏமாறாமல் காக்கும்.