சேர்வராயன் காபிக்கு ஒரு பெயர் வேண்டும்

பெங்களூரில் பணியாற்றும் என் முன்னாள் மாணவர் ஒருவர், அந்நகரில் சிறிய அளவில் வடித்து விற்கப்படும் பீர் வகைகளைச் சுவைத்துப் பார்த்து, குறிப்பெழுதி எனக்கு அனுப்புவது வழக்கம். ஒன்றில் ஆரஞ்சுத் தோலின் மணம் இருந்தது, மற்றொன்றில் வறுத்த பார்லியின் கசப்பு நாவில் நின்றது என்றெல்லாம் எழுதுவார். மதுவைத் தொடாத எனக்கு அந்தக் குறிப்புகளால் பயனில்லை. ஆனால், ஒரு பானத்தைப் பற்றி இத்தனை நுட்பமாகப் பேச முடியுமா என்ற வியப்பு எஞ்சியது. ஐம்பது ஆண்டுகளாக நாள்தோறும் இருவேளை காபி அருந்தும் நான், அதைப் பற்றி 'நன்றாக இருக்கிறது', 'ஆறிவிட்டது' என்ற இரு கருத்துகளுக்கு மேல் சொன்னதில்லை.

கடந்த சனவரியில் ஏற்காட்டில் பத்து நாள்கள் தங்க நேர்ந்தபோது அந்தக் குறையைப் போக்கிக்கொள்ள முயன்றேன். சேலத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. அறுவடை முடியும் தறுவாயில் இருந்ததால், வீட்டு வாசல்களிலும் களங்களிலும் காபிப் பழங்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஏரி, படகு, மலர்க்கண்காட்சி என்று ஏற்காட்டை அறிந்து வைத்திருக்கும் நமக்கு, அது இருநூறு ஆண்டுகளாகக் காபி விளையும் மலை என்பது பெரும்பாலும் நினைவுக்கு வருவதில்லை. 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன்தான் இங்கு காபிப் பயிரைக் கொண்டுவந்தவர். ஏறத்தாழ 900 முதல் 1,500 மீட்டர் வரையிலான சரிவுகளில் இங்கே விளைவது அராபிகா. சில்வர் ஓக், பலா போன்ற நிழல் மரங்களுக்கு அடியில் காபிச் செடி. அம்மரங்களின்மேல் மிளகுக் கொடி. இதுதான் சேர்வராயன் மலையின் வேளாண்மை.

எனக்கு அறிமுகமான தோட்ட உரிமையாளர் ஒருவர் தம் வீட்டு மேசையில் நான்கு கிண்ணங்களை வைத்து ஒரு சுவைத்தேர்வை நடத்திக்காட்டினார். வணிகர்களும் காபி வல்லுநர்களும் உலகெங்கும் பின்பற்றும் முறைதான் அது. அளந்தெடுத்த காபித் தூளின்மேல் 93 டிகிரி அளவிலான வெந்நீரை ஊற்றி நான்கு நிமிடம் விட வேண்டும். மேலே படரும் ஆடையைக் கரண்டியால் விலக்கி முதலில் மணத்தை நுகர வேண்டும். சற்று ஆறியதும் ஒரு கரண்டி எடுத்து, ஓசை எழ உறிஞ்ச வேண்டும். பாலும் சர்க்கரையும் கூடாது. மணம், சுவை, புளிப்பு, இனிப்பு, விழுங்கிய பின் நிற்கும் சுவை எனத் தனித்தனியே மதிப்பெண் உண்டு. நூற்றுக்கு 80 பெற்றால் அது சிறப்புத்தரக் காபி. பொதுவிடத்தில் உறிஞ்சிக் குடிக்காதே என்று வளர்க்கப்பட்டவன் என்பதால் முதல் கரண்டியில் எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

முதல் கிண்ணத்தில் இருந்தது கழுவிப் பதப்படுத்திய காபி. பழுத்த பழத்தின் தோலைப் பறித்த அன்றே பல்ப்பர் இயந்திரத்தில் நீக்கி, கொட்டையின்மேல் ஒட்டியிருக்கும் கொழகொழப்பான பசையை ஒரு நாளோ சற்றுக் கூடுதலாகவோ புளிக்கவைத்துக் கழுவி, பிறகு உலர்த்துவார்கள். பழத்தின் பிற சுவைகள் விலகிவிடுவதால் கொட்டையின் இயல்பு தெளிவாக வெளிப்படும். நாரத்தை இலையைக் கசக்கினால் எழும் மணம், அதன் பின்னே மெல்லிய வெல்ல இனிப்பு. ஆற ஆறப் புளிப்பு கூடியது. காபியில் புளிப்பு என்பது கெட்டுப்போனதன் அடையாளம் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். உயரமான இடத்தில் குளிரில் மெல்லப் பழுக்கும் பழம் தரும் இயற்கையான புளிப்பு வேறு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இரண்டாவது, பழத்தைத் தோலோடு இரண்டு மூன்று வாரம் உயர்மேடைகளில் உலர்த்திய காபி. நன்கு பழுத்த பழங்களை மட்டும் தேர்ந்து, நாள்தோறும் பலமுறை கிளறிவிட்டு உலர்த்தியது. கிண்ணத்தை நெருங்கும்போதே பலாப்பழம் அறுத்த வீட்டின் வாசம். சுவை கனமாகவும் இனிப்பாகவும் இருந்தது. ஒரு கோப்பை அருந்தலாம். தினமும் அருந்த எனக்கு இயலாது.

மூன்றாவதை முகர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஈரச்சாக்கின் வாடையும் மண்ணின் நெடியும். நாவில் பச்சைக்காயின் துவர்ப்பு. நான்காவதோ முகர்ந்த கணமே என் வீட்டுச் சமையலறைக்கு என்னை அழைத்துச் சென்றது. ஐயமில்லை, நகரக் கடையில் வாங்கிய, கருக வறுத்து சிக்கரி சேர்த்த தூள். மற்ற மூன்றும் சேர்வராயன் காபி. அவற்றில் முதலாவதும் மூன்றாவதும் ஒரே மலைச்சரிவில், ஒரு வேலிக்கு இருபுறமும் விளைந்த, ஒரே ரகத்தைச் சேர்ந்தவை என்றார் நண்பர். கர்நாடகத்தின் பாலெஹொன்னூர் காபி ஆய்வு நிலையம் 1940-களில் உருவாக்கித் தந்த எஸ்.795 என்னும் ரகம் அது.

மண்ணும் மழையும் விதையும் ஒன்றாயிருக்க, சுவையில் ஏன் இத்தனை வேறுபாடு? மூன்றாவது கிண்ணத்துக் காபியை விளைவித்தவரை மறுநாள் நாகலூர்ப் பக்கம் சென்று சந்தித்தேன். மலையாளி பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த சிறு விவசாயி. ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறார். காயும் பழமுமாக ஒரே முறையில் கொடியோடு உருவி, மண் களத்தில் பரப்பிக் காயவைத்து, மூட்டை கட்டி வியாபாரியிடம் போட்டுவிடுகிறார். உங்கள் காபியை நீங்கள் குடித்துப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். "வீட்டுல எப்பவும் டீதான் ஐயா. காபி விக்கிறதுக்கு" என்றார்.

இதை அறியாமை என்று கருதுவது தவறு. பழுத்த பழத்தை மட்டும் பறிப்பதென்றால் ஒரே செடிக்கு மூன்று, நான்கு முறை ஆள் விட வேண்டும். மலையில் கூலியாள் கிடைப்பது அரிது. பல்ப்பருக்கு முதலீடு வேண்டும். கழுவத் தண்ணீர் வேண்டும். இத்தனையும் செய்தாலும் வியாபாரி தரும் விலை மூட்டைக்கு ஒன்றுதான். கூடுதல் உழைப்புக்குக் கூடுதல் விலை இல்லாத இடத்தில், உருவிப் பறிப்பதே அறிவார்ந்த முடிவு. பொருளின் தரத்தை வாங்குபவரால் பிரித்தறிய இயலாதபோது, நல்ல சரக்குக்கும் மட்டச் சரக்குக்கும் நடுவான ஒரு விலைதான் கிடைக்கும். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் நல்ல சரக்கு சந்தையை விட்டே விலகும் என்று பழைய கார்ச் சந்தையை வைத்து 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் அக்கர்லாஃப். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அந்தக் கட்டுரையை எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அதன் சுவை எப்படியிருக்கும் என்பது மூன்றாவது கிண்ணத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

இந்தப் பெயரின்மைக்கு ஒரு வரலாறும் உண்டு. 1942-இல் வந்த காபிச் சட்டத்தின்படி, விளைந்த காபி முழுவதையும் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். உலகப் போரால் ஏற்றுமதிச் சந்தை முடங்கிய காலத்தில் விவசாயியைக் காத்த ஏற்பாடு அது. தரவகைக்கேற்பப் பணம் கிடைத்தது. ஆனால் எந்த மலையின், எந்தத் தோட்டத்தின் காபி என்ற அடையாளம் தொகுப்பில் கரைந்துபோனது. 1989-இல் பன்னாட்டுக் காபி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை முறிந்தது. தொண்ணூறுகளில் இங்கும் கட்டாயத் தொகுப்பு படிப்படியாகக் கைவிடப்பட்டது. விவசாயிக்கு விற்கும் உரிமை கிடைத்தது. கூடவே விலை இடரும் அவர் தலையில் ஏறியது. நியூயார்க் சந்தையில் 2001-இல் ஒரு பவுண்டு அராபிகா 50 சென்ட்டுக்கும் கீழே சென்றது. 2025 பிப்ரவரியில் அதுவே 4 டாலரைத் தாண்டியது. பிரேசிலின் வறட்சியும் உறைபனியும் நாகலூர்க் களத்தின் விலையைத் தீர்மானிக்கின்றன.

அந்த உச்ச விலையையே எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பவுண்டு 4 டாலர் என்றால் கிலோ ஏறத்தாழ 760 ரூபாய். வறுக்கும்போது எடையில் 15 முதல் 20 விழுக்காடு குறையும். ஒரு கோப்பைக்கு 12 கிராம் தூள் என்றால் சுமார் 14 கிராம் கொட்டை; அதன் மதிப்பு 11 ரூபாய்க்கும் குறைவு. அண்மையில் பெருநகரக் கடை ஒன்றில் நான் அருந்திய கோப்பையின் விலை 220 ரூபாய். அதில் கொட்டையின் பங்கு 5 விழுக்காடு. அதுவும் வரலாறு காணாத விலையில். கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று சொல்ல வரவில்லை. அவருக்கு வாடகை, கூலி, மின்சாரம், பால் என்று செலவுகள் உண்டு. ஆனால் அந்த 220 ரூபாயில் ஒரு பகுதி, பெயருக்காகக் கொடுக்கப்படும் விலை. பெயர் யாரிடம் இருக்கிறதோ அவருக்கே அது போய்ச் சேரும்.

இந்தியக் காபி வாரியம் நாட்டின் காபி விளையும் பகுதிகளை 13 மண்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி முத்திரை வகுத்திருக்கிறது. சேர்வராயன் அவற்றில் ஒன்று. ஆனால் 2019-இல் குடகு, சிக்மகளூர், பாபாபூதன்கிரி, வயநாடு, அரக்கு ஆகிய ஐந்து காபிகளுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டபோது, அப்பட்டியலில் தமிழகத்து மலை ஒன்றுகூட இல்லை. இவற்றுள் அரக்கு நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய எடுத்துக்காட்டு. ஆந்திரத்தின் கிழக்குத் தொடர்ச்சி மலையில், பழங்குடிச் சிறு விவசாயிகள் விளைவிக்கும் காபி அது. நாகலூர் விவசாயியின் நிலையும் நிலமும் ஏறக்குறைய அவர்களுடையவை போன்றவையே. அங்கே கூட்டுறவாகத் திரண்டு, பழுத்த பழத்தை மட்டும் பறித்து, பொதுவிடத்தில் பதப்படுத்தினார்கள். அந்தப் பெயரில் 2017-இல் பாரீஸ் நகரில் கடையே திறக்கப்பட்டது.

குறியீடு கிடைத்தால் மட்டும் விலை கூடிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சேலம் வெண்பட்டும் சேலம் ஜவ்வரிசியும் குறியீடு பெற்றவைதான். அதனால் நெசவாளியின் வருமானம் தானாக உயர்ந்துவிடவில்லை. பெயருக்குப் பின்னே தரத்தை உறுதிசெய்யும் ஏற்பாடு இல்லையேல் பெயர் வெறும் ஒட்டுத்தாள். அதுமட்டுமன்று, வசதி படைத்த தோட்டங்கள் மட்டுமே பயனடைந்து, ஒன்றரை ஏக்கர்காரர் வெளியே நிற்கும் ஆபத்தும் உண்டு. எனவே முதல் தேவை, நாலைந்து ஊர்களுக்கு ஒன்றாகப் பொதுப் பல்ப்பரும் உலர்மேடையும். இரண்டாவது, பழத்தைக் கொண்டுவரும் இடத்திலேயே சுவைத்தேர்வு நடத்தி, தரத்துக்கேற்ற விலையை அங்கேயே அறிவிக்கும் உழவர் உற்பத்தியாளர் அமைப்பு. குறியீடு இவற்றோடு சேர்ந்து வர வேண்டும்.

இது சில விவசாயிகளின் வருமானத்தோடு முடியும் செய்தியன்று. காபி கட்டுப்படியாகாத இடங்களில் நிழல் மரங்கள் விழுந்து, விடுதிகளும் குடில்களும் எழுவதை ஏற்காட்டுச் சாலைகளில் கண்ணாரக் காணலாம். சேலத்தின் ஊடே ஓடும் திருமணிமுத்தாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. நிழல் மரத்தோடு கூடிய காபித் தோட்டம் மண்ணையும் நீரையும் பிடித்து வைக்கிறது. விடுதியின் கான்கிரீட் தளம் அதைச் செய்யாது.

நுகர்வோராகிய நமக்கும் இதில் பங்குண்டு. காபியும் சிக்கரியும் கலந்த தூளில் காபி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும், கலப்பு அளவைப் பொட்டலத்தில் குறிப்பிட வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு விதி. அதைப் படித்துப் பார்த்து வாங்குபவர்கள் எத்தனை பேர்? எந்த மலை, எந்த முறையில் பதப்படுத்தியது, என்று வறுத்தது என்ற மூன்று கேள்விகளைக் கடைக்காரரிடம் கேட்கத் தொடங்கினால், அந்தக் கேள்வி மெல்ல மெல்ல மலையேறும். சிக்கரியை நான் குறை கூறவில்லை. முதல் கிண்ணத்துக் காபியில் கால் கிலோ வாங்கி வந்து பில்டரில் போட்டுக் கொடுத்தபோது, "புளிக்குதே, துளி சிக்கரி போட்டா என்ன?" என்றார் என் மனைவி. பத்து விழுக்காட்டில் சமாதானம் ஏற்பட்டிருக்கிறது.

மலையிலிருந்து இறங்குவதற்கு முன்னாள், அந்த விவசாயியை நண்பரின் மேசைக்கு அழைத்து வந்து முதல் கிண்ணத்தையும் மூன்றாவது கிண்ணத்தையும் கொடுத்தேன். இரண்டையும் முகர்ந்தார், மூன்றாவதைச் சற்று நேரம் கையில் வைத்திருந்தார். "இது எங்க களத்து மண்ணு வாசம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அடுத்த வருசம் பழமா பாத்துப் பறிச்சா, வியாபாரி பத்து ரூபா கூடக் குடுப்பாரா ஐயா?" என்று கேட்டார். விலைக் கோட்பாட்டைப் பல்லாண்டு கற்பித்த நான், கொடுப்பார் என்று அவருக்கு உறுதி கூற முடியாமல் நின்றேன்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).