மாஸ்க் மாட்டிக்கொண்டு தூங்கினால் எடை குறையுமா?

குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறார் என்றுதான் நம் வீடுகளில் நினைக்கிறோம். அந்தக் குறட்டை திடீரென்று அடங்கி, மூச்சு நின்று, திணறலோடு திரும்பி வருகிறதா? அது ஸ்லீப் ஆப்னியாவாக (தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நோய்) இருக்கலாம். 2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தபோது மருத்துவர்கள் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

எடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? உடம்பு பருக்கும்போது கழுத்திலும் நாக்கிலும்கூடக் கொழுப்பு சேர்கிறது. படுத்ததும் அந்தச் சதை தளர்ந்து காற்றுப் பாதையை அடைக்கிறது. ஒல்லியானவருக்கும் வரலாம், சிறிய தாடை, பெரிய டான்சில் போதும்.

இதற்குத் தரும் முக்கிய சிகிச்சை சிபாப் (மூக்கில் மாட்டிய மாஸ்க் வழியே காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி). 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சலிவன் இதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

இதை மாட்டினால் எடை குறையுமா? குறையாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரியாக அரைக் கிலோ அளவு கூடியே இருந்தது. இரவெல்லாம் மூச்சுக்குப் போராடிச் செலவான சக்தி மிச்சமாவது ஒரு காரணமாக இருக்கலாம். இதற்குப் பயந்து கருவியை ஒதுக்காதீர்கள். இந்த நோயால் வரும் பகல் தூக்கம் விலகினால் நடக்கத் தெம்பு வரும். அந்தத் தெம்பை நடையாக்குவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

எடையைக் குறைத்தால் நோய் போய்விடுமா? குறையும், எல்லோருக்கும் முழுதாகப் போகாது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வின் கணக்குப்படி, எடை 10 சதவீதம் குறைந்தால் மூச்சுத் தடை ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. நீங்கள் 90 கிலோ, மணிக்கு 40 முறை மூச்சு தடைபடுகிறது என்று வையுங்கள். 9 கிலோ குறைத்தாலும் 30 முறை மிஞ்சும். 30 என்பதே கடுமையான நிலைதான். ஆகவே இளைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

நன்றாக இளைத்துவிட்டால் கருவியை நிறுத்தலாமா? நீங்களாக நிறுத்த வேண்டாம். மறுபடி தூக்கப் பரிசோதனை (இரவில் மூச்சையும் ரத்த ஆக்சிஜனையும் அளப்பது) செய்து மருத்துவர் சொல்லட்டும். முகம் ஒடுங்கி மாஸ்க் லூசாகிக் காற்று கசியலாம், அழுத்தத்தையும் மாற்ற வேண்டி வரலாம்.

எடை குறைக்கும் ஊசி போட்டால் போதுமாமே? டிர்ஸெபடைட் என்ற ஊசிமருந்தைப் பருமனோடு இந்த நோயும் உள்ளவர்களுக்காக 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. மவுஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கும் வந்தது. விலை அதிகம், குமட்டல் வரும், நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும். மருத்துவர் சொல்லாமல் போடவே கூடாது.

சாப்பாடு? ராத்திரிச் சோற்றைக் குறைத்து, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிடுங்கள். எங்கள் காரைக்கால் பகுதியில் மதுக்கடைக்குப் பஞ்சமில்லை என்பதால் இதையும் அழுத்திச் சொல்கிறேன்: மது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், எடையையும் ஏற்றும். இந்த நோய் உள்ளவருக்கு இரவுக் குடி இரட்டைக் கெடுதல்.

காரைக்கால் பகுதியின் அம்பகரத்தூரில் இருப்பவர் எங்கே தொடங்குவது? காரைக்கால் அரசுப் பொது மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ சொல்லுங்கள். தூக்கப் பரிசோதனையை எங்கே செய்வது என்று அவர் வழிகாட்டுவார். உங்கள் குறட்டை உங்களுக்குக் கேட்காது. அதனால் கணவனோ மனைவியோ உடன் போவது நல்லது. குறட்டையைச் செல்போனில் பதிவு செய்துகொண்டு போங்கள். பேரளம் சாலையில் தினமும் வண்டி ஓட்டுபவராக இருந்து பகலில் கண் சொக்குகிறது என்றால், சிகிச்சை தொடங்கித் தெளிவு வரும்வரை ஸ்டீயரிங்கை வேறொருவரிடம் கொடுங்கள்.